பொங்கல் சீரில் ஒரு பச்சை டப்பா

தாராவி,
3.3.2025

கணேசபாண்டியன் அத்தானுக்கு, மாரிசெல்வியின் அப்பன் மாசானம் பட்டறை மேசையில் உட்கார்ந்து எழுதுவது.

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. ஒன்பதாம் வகுப்பு வரை படித்து, பத்தாம் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகாமலே திரும்பி வந்தவன் நான். பை தைக்கிற கை இது. கீழே மிஷின் ஓடினால்தான் எனக்கு வரி நேராகப் போகும். நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷமாக நீங்கள் எதையும் கடிதத்தில்தான் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டுப் போன் பார்வதி அக்கா கையில் இருக்கிறது, அதுவும் ஸ்பீக்கரில். ஆகவே நானும் எழுதக் கற்றுக்கொண்டேன். தாராவிக்கும் செம்பூருக்கும் ஒரு பஸ் தூரம். கடிதத்துக்கு மூன்று நாள். "நடந்து போய்ச் சொல்லிட்டு வந்திருந்தா இதுக்குள்ள சாப்பிட்டுட்டே திரும்பியிருக்கலாமே" என்று தபால்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். சில விஷயங்களை மூன்று நாள் தள்ளி நின்று சொல்வதுதான் நல்லது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தேன். வலது கை போர்வைக்கு மேலே யாருடைய கையோ மாதிரி கிடந்தது. "வாங்க" என்று நீங்கள் சொன்னது பாதிதான் வெளியே வந்தது. "பித்த மயக்கம்தான் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்று அக்கா சொன்னார்கள். "ஆமா அக்கா, மாசி வெயிலு பித்தத்தக் கிளப்பத்தான் செய்யும்" என்று நானும் சொன்னேன். பிறகு பக்கத்துக் கட்டில்காரருடன் ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் பேசினேன். பேச்சும் கையும் உங்களுக்குத் திரும்பிவிட்டன என்று மாரிசெல்வி சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்னொரு விஷயம். சின்ன விஷயம்தான். பொங்கல் சீரோடு நான் வைத்து அனுப்பிய பச்சை டப்பா இருக்கிறதே, கோதுமைப்புல்லும் முருங்கை இலையும் பாலக் கீரையும் காயவைத்து அரைத்த விட்டமின் பொடி, அதை இனிமேல் குடிக்க வேண்டாம். காட்கோபர் கடையில் அந்தச் சரக்கில் வண்டு விழுந்துவிட்டதாகக் கேள்வி. இரண்டாவதாக அனுப்பிய டப்பாவும் அதே சரக்குதான். கொட்டிவிடுங்கள். இன்றைக்கே கொட்டிவிடுங்கள். நான் மனதில் எதையும் வைத்துக்கொண்டு எழுதவில்லை, வண்டுதான்.

மாப்பிள்ளை ரமேஷ்குமாருக்கும் அக்காவுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். பொடியை மறக்க வேண்டாம்.

மாசானம்


செம்பூர்,
8.3.2025

சம்பந்தி மாசானம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். வலது கையால் எழுத முடிகிறது, இந்தக் கடிதமே சாட்சி. டீ கிளாஸை மட்டும் இன்னும் இரண்டு கையாலும் பிடிக்கிறேன்.

பொடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விக்ரோலி ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். உள்ளே வரும் சரக்கைப் பார்க்காமல் வாங்கி வைத்ததில்லை. தங்கள் கடிதம் வந்ததும் இரண்டாவது டப்பாவைச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். வண்டு இல்லை. வண்டின் கால் கூட இல்லை. டப்பாவின் அடியில் போட்டிருக்கும் தேதிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

எனக்கு இது விளங்கவில்லை. தங்கள் வீட்டிலிருந்து வந்த சீரில் இன்றுவரை ஒரு மஞ்சள் துண்டு சொத்தையாக வந்ததில்லை. கெட்ட பொருளைச் சீர்த்தட்டில் வைக்கிற ஆள் தாங்கள் இல்லை. அப்படியிருக்க, கொடுத்ததைத் திரும்பக் கேட்பது போல் ஏன் எழுதினீர்கள்? பார்வதி ஏதும் குறை சொன்னாளா? அல்லது நான் சொன்னதாக யாராவது வந்து சொன்னார்களா? மாட்டுத் தீவனம் போல் வாசம் அடிக்கிறது என்று பொங்கலன்று சொன்னேன், உண்மைதான். அது வேடிக்கைப் பேச்சு. ஒரு நாள் கூட விடாமல் குடித்தேன். தாங்கள் ஒரு ஸ்பூன் என்று சொல்லி அனுப்பினீர்கள், நான் காலையும் மாலையுமாக இரண்டு ஸ்பூன் குடித்தேன்.

இருந்தாலும் தாங்கள் சொல்லிவிட்டபடியால் வியாழக்கிழமை முதல் நிறுத்திவிட்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பித்தம். சத்து மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணேசபாண்டியன்


தாராவி,
19.3.2025

அத்தான்,

இந்தக் கடிதத்தில் வண்டு இல்லை.

சனிக்கிழமை மாரிசெல்வி போன் செய்தபோது பட்டறையில் மிஷின் சத்தம். முதலில் எனக்குப் புரியவில்லை. "அப்பா, மாமாக்கு மூக்குல ரத்தம் நிக்கவே மாட்டேங்கு. மூணு துண்டு நனைஞ்சிட்டு" என்றாள். மிஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். "ஏட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பொங்கல்லருந்து அந்தப் பச்சப்பொடி குடிச்சதையும் டாக்டர்ட்டச் சொல்லு, போன வாரம் நிறுத்துனதையும் சொல்லு. ரெண்டையும் சொல்லணும், கேட்டியா" என்று கத்தினேன். சரிப்பா என்றாள். பிறகு, "அப்பா, அப்ப உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டாள்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் நெஞ்சில் வால்வு மாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் தெரியும். இன்று நேற்று அல்ல, கல்யாணமான முதல் மாசத்திலிருந்தே தெரியும். நீங்கள் குளித்துவிட்டு வந்தபோது தழும்பைப் பார்த்து, மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாக மாரிசெல்வி சொன்னாள். "தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதீங்கப்பா. மாமா குறுகிப் போயிருவாங்க" என்றாள். நானும் காட்டிக்கொள்ளவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வருகிற போதெல்லாம் "அத்தானுக்கு என்ன, இரும்பு உடம்பு" என்று ஒரு வசனம் வேறு வைத்திருந்தேன்.

அந்தப் பொடியை வாங்கினதே உங்கள் நெஞ்சுக்காகத்தான். ரத்தம் சுத்தமாகும், இதயத்துக்கு வலு என்று டப்பாவில் போட்டிருந்தது. நேரில் விசாரிக்க வழியில்லாததைச் சீர்த்தட்டில் வைத்து விசாரித்தேன். அவ்வளவு பெரிய புத்திசாலி. காட்கோபர் கடையில் நகுல் என்று ஒரு பையன் நின்றான். நல்ல பையன். "சாப்பிடப் போறவர் தினமும் ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா அங்கிள்?" என்று கேட்கத்தான் செய்தான். என் பக்கத்தில் எங்கள் சந்து மாரிக்கண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழுந்தது தாராவி முழுக்கக் கேட்டுவிடும். சம்பந்தி வீட்டு ரகசியத்தைக் காப்பாற்றுகிற வீரத்தில், "மாத்திரையா? அவருக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாதுப்பா" என்றேன். கேட்ட ஒரு கேள்விக்கும் பொய்.

பிப்ரவரியில் உங்கள் கை விழுந்த பிறகுதான் எனக்கு அந்தப் பொடியின் மேல் சந்தேகம் வந்தது. மாரிசெல்வியிடம் மாத்திரையின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, எங்கள் மெடிக்கல் ஷாப் ருக்சானாவிடம் போய்ப் பொடியையும் மாத்திரையையும் சொன்னேன். அவள் இந்தியில் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன். "அந்த மாத்திர ரத்தத்த இளக்கமா வைக்கும். பச்சை இலையில இருக்கிற விட்டமின் கே அதுக்கு நேர் எதிரா வேல செய்யும். ரெண்டையும் ஒண்ணாக் குடுத்தது யாரு சாச்சா?" "தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றேன். "டாக்டர்ட்டச் சொல்லச் சொல்லுங்க. டாக்டர் இதுக்குள்ள மாத்திரையக் கூட்டியிருப்பார். நீங்களா நிறுத்தச் சொல்லிராதீங்க, அது வேற வம்பு" என்றாள்.

அத்தான், இதில் நிறுத்துவதை மட்டும் வைத்துக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லுங்கள் என்று எழுதினால், எந்த டாக்டர், எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு சங்கடத்துக்குப் பயந்து வண்டு பிடித்தேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருந்தார், நான் பொடியை நிறுத்தினேன், ரத்தம் தண்ணீராகப் போனது. முதல் தடவை தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை, ஒருத்தி சொல்லிக் கொடுத்த பிறகும் செய்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். அக்கா, "உள்ள வராதீங்க. ஒங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல" என்றார்கள். எனக்கே பிடிக்கவில்லை, அவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது. எதிரில் வடாபாவ் வண்டிப் பக்கம் நின்றிருந்தேன். ரத்தம் நின்றது என்று மாப்பிள்ளை வந்து சொன்ன பிறகு பஸ் ஏறினேன்.

மாசானம்


செம்பூர்,
27.3.2025

மாசானம் அவர்களுக்கு,

மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்து, புதிய அளவு சொல்லியிருக்கிறார்கள். இனி வாரம் ஒரு முறை ஐ.என்.ஆர் பார்க்க வேண்டும். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதற்கான கணக்கு அது. தாங்கள்தான் எல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே, இதுவும் தெரிந்திருக்கும்.

போன தீபாவளிக்குத் தாங்கள் அரிசி மூட்டை கொண்டுவந்தீர்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. சந்தேகம் வந்துவிடக்கூடாது என்பதற்காக மூன்று மாடிக்கும் அதை நான் தூக்கினேன். தாங்கள் பின்னாலேயே வந்தீர்கள். மேலே போய் இறக்கி வைத்தபோது என் கண் இருட்டிவிட்டது. "அத்தானுக்கு இரும்பு உடம்பு" என்றீர்கள். தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை, "நான் ஒரு முனை பிடிக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்தேன். கோபத்தில் எழுதியது. அனுப்பத்தான் போகிறேன். ஆனால் என் பக்கத்தையும் சேர்த்து அனுப்புவதுதான் முறை.

ஆபரேஷன் நடந்தது ரமேஷுக்குப் பெண் பார்க்க ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். பார்வதியும் நானும் கூடிப் பேசித்தான் மறைத்தோம். நெஞ்சைக் கீறின மனுஷன் வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்றாள் அவள். எனக்கும் அதுவே தோன்றியது. கல்யாணத்தன்று மேல்சட்டையைக் கழற்ற வேண்டிய சடங்கில் துண்டை நெஞ்சின் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றேன்.

ரத்தம் பார்க்கப் போகும்போதெல்லாம் டாக்டர் கேட்பார். சாப்பாட்டில் மாற்றம் உண்டா, விட்டமின், நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது? "வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் சார்." ஜனவரியில் அப்படிச் சொன்னேன். பிப்ரவரியில், கை விழுந்து படுத்திருந்தபோதும் அப்படியே சொன்னேன். முதல் நாள் பொடியைக் கலக்கிக்கொண்டு வரும்போதே மாரிசெல்வி, "மாமா, டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடிக்கலாமா?" என்றாள். "ஒங்கப்பன் அனுப்பினதுக்கு டாக்டர் கையெழுத்து வேணுமாம்மா?" என்று சிரித்தேன். அவள் டம்ளரை நீட்டினாள். தங்களை ஏமாற்றிப் பெண் எடுத்தவன் நான். அந்த வீட்டிலிருந்து வந்ததை வேண்டாம் என்று ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இரண்டு ஸ்பூன்.

ரத்தம் போன அந்தச் சனிக்கிழமை டாக்டர் என்னைப் பேசிய பேச்சு வார்டு முழுக்கக் கேட்டது. "நான் மாத்திரையக் கூட்டுறேன், நீங்க பொடிய நிறுத்துறீங்க. நான் வைத்தியம் பாக்குறது யாருக்கு?" என்றார். மாரிசெல்வி தலைகுனிந்து நின்றாள். வீட்டு விஷயத்தை அப்பனிடம் சொன்னவள் என்று பார்வதி இப்போது அவளோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுக்களையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்துகொள்கிறார்கள். அதைப் பார்ப்பதுதான் எனக்கு ரத்தம் போனதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

தாங்கள் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெண் பார்க்க வந்த அன்றே ஆபரேஷனைப் பற்றி நான் சொல்லியிருந்தால், மாரிசெல்வியைக் கொடுத்திருப்பீர்களா?

கணேசபாண்டியன்


தாராவி,
2.4.2025

அத்தானுக்கு,

அரிசி மூட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மூன்று மாடிக்கும் உங்கள் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறினேன், கோழி பிடிக்கிறவன் மாதிரி. நீங்கள் சாய்ந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று. நீங்களும் மூட்டையும் சேர்ந்து சாய்ந்திருந்தால் அடியில் என்னைத்தான் தேடி எடுத்திருப்பார்கள். இரண்டாம் மாடியில் ஒரு அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, பயந்துபோய் மூடிக்கொண்டார்கள். மூட்டையில் ஒரு முனையைப் பிடித்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அது மட்டும் தோன்றவில்லை. தோன்றியது, செய்யவில்லை.

இனி என் மருத்துவக் கதையையும் கேளுங்கள். உங்களுக்கு நடந்த பிறகு என் வீட்டில் இருக்கிற பாட்டில்களைப் பார்த்தாலே பயமாக இருந்தது. எல்லாவற்றையும் நம் பட்டறைப் பை ஒன்றில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது அத்தான், ஏழு வருஷமாக மாத்திரை. இது உங்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். அதோடு வாயுப் பிடிப்புக்கு என்று ஒன்று, முடி கொட்டுகிறது என்று ஒன்று, யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த குதிரைப் படம் போட்ட டப்பா ஒன்று. டாக்டர் பையைக் கவிழ்த்தார். மேசையில் பாட்டில்கள் உருண்டு ஒன்று கீழே போனது. "இதுல நான் எழுதினது எது?" என்று கேட்டார். ஒன்றுதான். "மத்ததெல்லாம் யார் எழுதினது?" நானேதான், வேறு யார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஒரே விட்டமின் மூன்று பாட்டிலில் மூன்று பேரில் இருந்ததாம். மூத்திரம் மஞ்சளாகப் போனால் சத்து ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ஏறல, வெளிய போகுது. நீங்க பாக்குறதே அதத்தான்" என்றார். குதிரைப் படத்தில் என்ன இருக்கிறது என்று டப்பாவிலேயே எழுதவில்லை. அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் எல்லாவற்றையும் தூக்கிப்போடவும் சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரையை ரொம்ப வருஷம் சாப்பிட்டால் பி-12 குறையலாமாம், ரத்தத்தில் பார்த்துவிட்டு வேண்டுமென்றால் அவரே எழுதித் தருகிறாராம். "நல்லதா கெட்டதான்னு பொதுவாக் கேக்காதீங்க. நீங்க சாப்பிடுற மாத்திரையோட சேருமான்னு கேளுங்க. ஆரம்பிக்கும்போதும் கேளுங்க, நிறுத்தும்போதும் கேளுங்க" என்றார். நிறுத்தும்போதும் என்று அவர் சொன்னபோது நான் குனிந்து, கீழே விழுந்த பாட்டிலைத் தேடினேன்.

கடைசியில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். அதற்கு விளக்கமாகத் தனியே எழுதுகிறேன். பட்டறையில் ஆள் கூப்பிடுகிறார்கள்.

மாசானம்


செம்பூர்,
7.4.2025

மாசானம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குதிரைப் படம் வரும் இடத்தில் சிரித்தேன். மாரிசெல்வியிடம் வாசித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். பிறகு, "அப்பா ஏதோ மறைக்காங்க மாமா. மறைக்கும்போதுதான் இவ்வளவு வேடிக்கையாப் பேசுவாங்க" என்றாள்.

கேட்டதற்குப் பதில் வரவில்லை. விளக்கம் வேண்டாம். ஸ்டோரில் ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒன்றுதான் சொல்வோம்.

கணேசபாண்டியன்


தாராவி,
14.4.2025

அத்தான்,

கொடுத்திருக்க மாட்டேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கிழித்துப்போடவில்லை. இதற்கு முன் கிழித்ததெல்லாம் வேறு மாதிரி எழுதியது. "மனசுதான் பெரிசு, உடம்பில் என்ன இருக்கிறது" என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்தால் யாரோ மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது.

உங்கள் வீட்டுக்கு முன்னால் ஆண்டாப் ஹில்லில் ஒரு இடம் வந்தது. நல்ல பையன், ரயில்வேயில் வேலை. பையனுடைய அம்மாவுக்குக் கழுத்தில் கொஞ்சம் வீக்கம் இருந்தது, தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறதாக அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். பட்டறைக்கு வந்து, "சம்பந்தம் பேசப் போனா கழுத்துல சுண்டைக்காய் காட்டுதாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்ன மனுஷர்களுக்கு நான் கொடுத்த மரியாதை அது. உங்களைப் பற்றியும் விசாரிக்காமல் இல்லை. சர்க்கரை உண்டா, நெஞ்சு நோவு உண்டா என்று கேட்டுவர மாரிக்கண்ணனை விக்ரோலிக்கு அனுப்பினேன். அங்கே உள்ளவர்கள் உங்களைத் தங்கமான மனுஷர் என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கத்துக்கு வால்வு இருக்குமா என்று நான் கேட்கவில்லை.

இதில் நான் மட்டும் யோக்கியனா? நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டில் மூன்று லட்டு தின்றேன். "இன்னொண்ணு வைக்கட்டுமா தம்பி?" என்று அக்கா கேட்டார்கள். வேண்டாம் என்றால் சர்க்கரை இருக்கிறது என்று நினைத்துவிடுவார்களே, அதற்காகத்தான் மூன்றாவது. வீட்டுக்கு வந்து மாத்திரையை நானாகவே இரண்டு மடங்காகப் போட்டுக்கொண்டு, கை நடுங்கி வேர்த்துக் கொட்டி விழுந்து கிடந்தேன். சம்பந்தி வீட்டு விருந்து அஜீரணம் என்று அக்கம்பக்கத்தில் உங்கள் பேரில் பழி போட்டேன்.

ஆகவே நீங்கள் மறைத்தது யாரிடம் என்று பார்த்தால், என்னை மாதிரி ஒரு ஆளிடம். சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்று நீங்கள் நினைத்தது சரி. எழுந்துதான் போயிருப்பேன். போய்ச் சிரிக்கவும் செய்திருப்பேன்.

அன்றைக்குப் போனில் மாரிசெல்வியின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசினாளாம். "எங்க மாமாக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். பெற்ற அப்பனிடம் பேசுகிற குரல் இல்லை அது. வேறு ஒரு வீட்டுப் பெண் பேசினாள். கொடுக்கவே மாட்டேன் என்று இருந்திருப்பேனே, அந்த வீட்டுப் பெண். எனக்கு அவமானமாகவும் இருந்தது, வேறு என்னவோ போலவும் இருந்தது. அதற்கு வார்த்தை என் படிப்பில் இல்லை.

அவள் என்னிடம் சொன்னது கோள் இல்லை என்று மட்டும் அக்காவுக்குத் தெரிய வேண்டும். உங்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை, நீங்கள் குறுகிவிடக் கூடாது என்றுதான் சொன்னாள். அதை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தது நான். இந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்டுங்கள். லட்டு உட்பட.

மன்னிப்பு என்று எழுத வந்தேன். அது உங்களை ஏதோ கேட்கிற மாதிரி இருக்கிறது. கேட்கவில்லை.

மாசானம்


செம்பூர்,
19.4.2025

அத்தான் உங்கள் கடிதத்தை வாசித்தான். என்னை நானே அத்தான் என்று எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் இரண்டு வருஷமாக நீங்கள் கூப்பிடுவது அதுதானே.

மச்சானுக்கு,

கடிதத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு மாடி வராந்தாவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பார்வதி இரண்டாம் பக்கத்தில் இருந்தாள். முதல் வரியை எத்தனை தடவை படித்தாளோ. "இன்னைக்குத்தான் இந்த மனுசன் வாயில ஒரு நேரான பேச்சு வந்திருக்கு" என்றாள். பிறகு, "மூணாவது லட்டு நான்தான் வச்சேன். அவரு முழிச்ச முழி எனக்கு அப்பவே தெரியும், கேக்காம விட்டுட்டேன்" என்றாள். மறைத்ததில் அவளுக்கும் பங்கு என்று அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

அடுக்களையில் போய், "மாரி, மாமாக்கு இந்த வாரக் கீரை எவ்வளவுன்னு டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டாள். கீரையை விடச் சொல்லவில்லை, வாரா வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். இது பார்வதிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த ஒன்றைக் கேட்டாள். மாரிசெல்வி பதில் சொன்னாள். பேச்சு அப்படித் தொடங்கியது.

ஆண்டாப் ஹில் வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் படித்துவிட்டு மடித்து வைத்தேன். நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்பது எனக்குக் கேட்பதற்கு முன்பே தெரியும். உங்கள் கையெழுத்தில் பார்த்த பிறகு வலித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஸ்டேஷன் பக்கம் உள்ள லேபில் ரத்தம் பார்க்கிறேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள். தழும்பு தெரியும்படி மேல் பட்டனைத் திறந்துதான் உட்கார்ந்திருப்பேன், வெயில் காலம். தெரிந்தவர்கள் யாராவது வந்து எதற்கு என்று கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

பிறகு வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். பெண் கொடுத்தவர் வெறும் கையோடு வருவதா என்று நீங்கள் நினைப்பீர்கள், பழமோ பூவோ ஏதாவது வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். மூன்று மாடியும் கையை வீசிக்கொண்டு ஏறி வாருங்கள். பார்வதி கதவைத் திறந்ததும் முதலில் உங்கள் கையைத்தான் பார்ப்பாள். பார்க்கட்டும்.

கணேசபாண்டியன்